பண்ணைப் பாலமும் ஒரு நெஞ்சுப் பட்டியும்: எட்டு மாதம் பாவித்த கதை

தை மாதக் கடைசியில் ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவரின் பயணப் பெட்டிக்குள், சொக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில், அத்தான் எனக்கென்று ஒரு சின்னப் பொதி கொடுத்துவிட்டிருந்தார். கறுப்பு இலாஸ்டிக் பட்டி ஒன்று, அதில் கொழுவுகிற மாதிரி புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வில்லை. "இதை நெஞ்சில கட்டிக்கொண்டு சைக்கிள் ஓடு, தங்கச்சி. இதயம் நிமிசத்துக்கு எத்தனை தரம் துடிக்குது எண்டு போனில விழும்" என்றார் தொலைபேசியில். கிளினிக்கில் என் பிரஷர் 138க்கு 88 என்று அக்காவிடம் வாய்தவறிச் சொன்னதன் பலன் இது.

எனக்கு வயது 48. யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் வீடு, கச்சேரிப் பக்கம் வேலை, பத்து வருசப் பழைய லுமாலா சைக்கிள். விளையாட்டு வீராங்கனை ஒன்றும் இல்லை. பட்டியின் கம்பனிப் பெயரை எழுதப்போவதில்லை. இனாமாக வந்தது, யாருக்கும் தரகு பார்க்கவும் விருப்பமில்லை. இந்த வகைப் பட்டிகள் எல்லாம் வேலை செய்கிற விதம் ஒன்றுதான். சாமானும் புதினமானது இல்லை. பின்லாந்தில் 1977இல் தொடங்கிய போலார் கம்பனி எண்பதுகளின் தொடக்கத்திலேயே கம்பி இல்லாத நெஞ்சுப் பட்டியைக் கொண்டுவந்துவிட்டது. பனியில் சறுக்கி ஓடுகிறவர்களுக்காகச் செய்தது, கடலுக்கு நடுவால் தீவுப் பக்கம் போகிற எங்கள் பண்ணைப் பாலத்து வெயிலில் என்ன செய்கிறது என்பதுதான் இங்கே கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கையில் கட்டும் மணிக்கூடு இருக்கும்போது நெஞ்சில் ஏன் கட்டவேண்டும் என்று அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள். என்னிடம் மணிக்கூடும் இருந்தது, டவுனில் ஒரு கடையில் மலிவாக வாங்கியது. அது தோலுக்குள் பச்சை வெளிச்சத்தை அடித்து, இரத்தம் வந்து வந்து போகும்போது திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்து எண்ணுகிறது. வீட்டில் கதிரையில் இருந்தால் சரியாகச் சொல்லும். சைக்கிள் கைபிடியை இறுக்கிப் பிடித்து, வியர்வையில் மணிக்கூடு வழுக்கி, குண்டும் குழியுமான வீதியில் குலுங்கத் தொடங்கினால் அதற்குத் தலைகால் புரியாது. ஒருநாள் அது 88 என்று காட்டியது. கழுத்தில் விரல் வைத்து 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினேன்: 132. பட்டி அப்படியில்லை. இதயம் ஒவ்வொரு தரமும் சுருங்க முன்னர் எழும் சின்ன மின்துடிப்பைத் தோலிலிருந்தே பிடிக்கிறது, ஈ.சி.ஜி. எடுப்பது போல. அதற்குத் தோல் ஈரமாக இருக்கவேண்டும். அத்தான் கனடாவில் குளிருக்குள் ஓட முன்னர் பட்டியைப் பைப்பில் நனைத்துக் கட்டுவாராம். எனக்கு அந்தத் தேவையே வரவில்லை. கொக்குவில் சந்தி தாண்டமுன்னமே நனைந்துவிடும்.

என் பாதை இதுதான். வீட்டிலிருந்து டவுன், கோட்டையைச் சுற்றிப் பண்ணை, பாலத்தில் பாதிக்கு மேலே போய்த் திரும்பி வருவது. எங்கள் ஊரில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, ஆகவே வேகத்தை ஒரே அளவில் வைத்திருப்பது சுலபம். மணிக்கு 15 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம். மாசியில் விடிய ஆறு மணிக்கு ஓடினால் பதினைந்தாவது நிமிடத்தில் 112, நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் 117. நேர்கோடு மாதிரி. நல்ல சாமான் என்று அக்காவுக்கு நன்றி சொல்லிப் படமும் அனுப்பினேன்.

சித்திரையில் பிடித்தது பிரச்சினை. புதுவருச லீவில் விடிய எழும்பப் பஞ்சிப்பட்டு ஒன்பதரைக்கு வெளிக்கிட்டேன். அந்த நாட்களில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கிற காலம். பாலத்தில் ஒரு மர நிழல்கூடக் கிடையாது. இரண்டு பக்கமும் களங்கட்டி வலைகள், கண்ணைக் குத்துகிற தண்ணீர், நடுவில் தார் ரோட். அதே சைக்கிள், அதே 15 கிலோமீற்றர் வேகம். பதினைந்தாவது நிமிடத்தில் 124. அங்கிருந்து நான் ஒன்றுமே கூடச் செய்யாமல் 129, 134, 138 என்று ஏறி, நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் 143. கால்கள் அதே வேலையைத்தான் செய்தன. பட்டி பழுது என்று முடிவுகட்டினேன். வீட்டுக்கு வந்து பற்றறியைக் கழற்றி மாட்டினேன், பட்டியைக் கழுவினேன், அடுத்த நாளும் ஒன்பதரைக்குப் போனேன். அடுத்த நாளும் 141. கழுத்தில் எண்ணிப் பார்த்தாலும் அதுதான் வந்தது.

மருத்துவபீடத்தில் படிக்கிற பெறாமகள் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது இரண்டு நாள் கோடுகளையும் போனில் காட்டினேன். பிள்ளை சிரித்தாள். "சித்தி, பட்டி பழுதில்லை. இதுக்குப் பேரே இருக்கு" என்றாள். கார்டியோவாஸ்குலர் டிரிஃப்ட் என்பார்களாம். டிரிஃப்ட் என்றால் வள்ளம் நீரோட்டத்தில் தானாக இழுபட்டுப் போவது. லோரிங் ரோவெல் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1974இலேயே இதைப்பற்றி நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார் என்றும், வேலை அதே அளவில் இருக்கும்போதே துடிப்பு ஏறுவதும் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைவதும் கூட்டாக நடக்கும் என்றும் விளங்கப்படுத்தினாள்.

அவள் சொன்னதை நான் என் அப்புவின் தோட்டத்தில் வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். சின்ன வயதில் கோண்டாவிலில் அவர் வெங்காயத்துக்குத் துலா மிதித்துக் கிணற்றிலிருந்து இறைக்கிறதைப் பார்த்திருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் நிரம்ப இருக்கும்போது தண்ணீர் அள்ளுகிற பட்டை முட்ட முட்ட வரும், ஆறுதலாக இறைக்கலாம். ஆவணியில் தண்ணீர் கீழே போனால் பட்டை அரைவாசிதான் நிரம்பும். வாய்க்காலில் அதே அளவு தண்ணீர் ஓடவேண்டுமென்றால் துலாவை இன்னும் கெதியாக மிதிக்கவேண்டும். அதோடு புகையிலைப் பாத்திக்கும் சேர்த்துத் தண்ணீர் கேட்டால் கேட்கவே வேண்டாம்.

இதயமும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தை இறைக்கிறது, ஒரு துடிப்புக்கு 70 மில்லிலீற்றர் அளவில். சைக்கிள் மிதித்தால் காலில் இருக்கும் தசை கூடக் கேட்கிறது, அது ஒரு பாத்தி. ஆனால் தசை தான் செலவழிக்கும் சக்தியில் கால்வாசியோ ஐந்திலொன்றோதான் மிதிப்பாக மாறுகிறது, மிச்சம் முழுக்கச் சூடு. அந்தச் சூட்டை வெளியே தள்ள இரத்தம் தோலுக்குப் போகவேண்டும், அது இரண்டாவது பாத்தி. ஆறுதலாக இருக்கையில் அரை லீற்றர்கூடக் கேட்காத தோல், கடும் வெக்கையில் நிமிடத்துக்கு 7, 8 லீற்றர் வரைக்கும் கேட்குமாம். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போவதை வெட்டிக் கொஞ்சம் சமாளிக்கும். இதற்குள் வியர்வையாகக் கிணற்றுத் தண்ணீரும் குறைகிறது, விரிந்துபோன தோல் நாளங்களில் இரத்தமும் தங்கி நிற்கிறது, இதயத்துக்குத் திரும்பி வருவது குறைவு. பட்டை அரைவாசி. துலா கெதியாக ஓடுகிறது. இதயம் கெதியாக அடிப்பதால் நிரம்ப நேரம் போதாமல் போவதும் ஒரு காரணம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றாள் பிள்ளை. எது முதல் எது பிறகு என்று ஆய்வாளர்கள் வாதாடட்டும். எனக்குப் போனில் 143 விழுந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஆக, இந்தச் சாமானைப் பற்றி என் முதல் தீர்ப்பு: பட்டிக்குப் பத்துக்குப் பத்து. அதோடு வருகிற போன் செயலிக்கு மூன்று கொடுக்கலாம்.

செயலி உங்கள் வயதைக் கேட்டு, 220இலிருந்து கழித்து, அதுதான் உங்கள் உச்சத் துடிப்பு என்று வைத்துக்கொள்கிறது. எனக்கு 172. 2001இல் வந்த இன்னொரு சூத்திரம் 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது, அதன்படி 174. இரண்டு துடிப்பு வித்தியாசத்துக்குச் சண்டை பிடிக்கத் தேவையில்லை, இரண்டுமே சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடிக் குறையும். பிரச்சினை அடுத்ததில். அந்த உச்சத்தை வைத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பகுதி பிரித்து, நான் சிவப்புக்குள் போனதும் "அற்புதம்! நன்றாக உழைக்கிறீர்கள்!" என்று கைதட்டுகிறது. சித்திரை வெயிலில் நான் உழைக்கவில்லை ஐயா, அவிந்துகொண்டிருந்தேன். எரித்த கலோரியையும் துடிப்பை வைத்தே கணக்கிடுவதால், மாசியில் 300 காட்டியது சித்திரையில் அதே தூரத்துக்கு 420 காட்டியது. தசை எடுத்த ஒட்சிசன் ஏறத்தாழ அதேதான், கூடின துடிப்பு தோலைக் குளிர்விக்கப் போனது. இதை நம்பி இரண்டு ரோல்ஸ் கூடச் சாப்பிட்டவள் நான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நான் பகுதிகளைப் பார்ப்பதே இல்லை. பதினைந்தாவது நிமிடத்துத் துடிப்பை மனதில் வைத்துக்கொள்வேன், அதிலிருந்து பன்னிரண்டு ஏறினால் வேகத்தைக் குறைப்பேன். இந்தப் பன்னிரண்டை நானாக வைத்துக்கொண்டேன், புத்தகத்தில் உள்ளது அல்ல.

சோளகக் காற்று தொடங்கியதும் இன்னொன்று பிடிபட்டது. பண்ணையிலிருந்து வேலணைப் பக்கம் போவது காற்றுக்கு எதிராக. எங்களுக்கு மலை இல்லாத குறையைச் சோளகம் தீர்த்துவைக்கும், மிதித்து முடியாது. திரும்பி வரும்போது காற்று முதுகில் பிடித்துத் தள்ளும், கால் சும்மா சுற்றும். துடிப்பு விழவேண்டும் அல்லவா? அவ்வளவாக விழவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் தெரிந்ததுதான். காற்றும் நானும் ஒரே வேகத்தில் போவதால் என் உடம்பில் காற்றே படவில்லை. போகும்போது உப்பாகக் காய்ந்த வியர்வை, வரும்போது நாடியிலிருந்து சொட்டுகிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுக்க ஆவியானால் 580 கிலோகலோரிச் சூட்டைக் கொண்டுபோகும். சொட்டி ரோட்டில் விழுந்தால் ஒன்றையும் கொண்டுபோகாது, தண்ணீர்தான் நட்டம். பட்டி இல்லாவிட்டால் இதை நான் கவனித்திருக்கவே மாட்டேன். திரும்பி வருவது லேசு என்றுதான் நினைத்திருப்பேன்.

தண்ணீர் விசயத்தில் பட்டியோடு குளியலறைத் தராசும் உதவியது. ஒரு மணித்தியாலத்தில் 800 கிராம் குறைந்திருந்தேன். அடுத்த கிழமை போத்தலில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுபோய், பாலத்தில் இரண்டு தரம் நின்று குடித்தேன். அதே வெயிலில் கடைசித் துடிப்பு 136. ஏழு துடிப்பு மிச்சம். ஒருநாள் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஜீவனித் தூள் கரைத்தும் கொண்டுபோனேன், ருசிக்காகக் குடிக்கிற சாமான் இல்லை அது. வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் ஊற்றுவதும் கூடாது, இரத்தத்தில் உப்பு ஐதாகி அது வேறு ஆபத்து.

இனிக் குறைபாடு. இது எண்ணிக்கை மட்டும்தான் சொல்லும். வைகாசியில் ஒருநாள் நல்ல வேகமாக வந்து, பண்ணையடியில் இளநீர்க்காரரைக் கண்டு சடக்கென்று பிரேக் பிடித்து இறங்கினேன். இறங்கி நின்று காசு எடுக்க, கண் இருட்டிக்கொண்டு வந்தது. போனில் 128, நல்ல பிள்ளை மாதிரி. என்ன நடந்தது என்றால், மிதிக்கும்போது கால் தசை ஒவ்வொரு சுருக்கத்திலும் இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. சடாரென்று நின்றால் அந்தப் பம்பு நின்றுவிடும், தோல் நாளங்களோ இன்னும் விரிந்தபடி, இரத்தம் காலில் தேங்க பிரஷர் விழுகிறது. இளநீர்க்காரர்தான் "இருங்கோ அக்கா, முதல்ல இருங்கோ" என்று நிழலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். பட்டிக்குப் பிரஷரும் தெரியாது, உடம்புச் சூடும் தெரியாது. அன்றிலிருந்து கடைசிப் பத்து நிமிடம் கோட்டையைச் சுற்றி ஊர்ந்துகொண்டு வருகிறேன். வெயிலுக்குள் ஒருவர் பேச்சுத் தடுமாறிக் குழம்பினால் துடிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் தண்ணீரை ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லவேண்டும். உட்சூடு 40 பாகை தாண்டுவது விளையாட்டில்லை.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை என் வீட்டுக்காரரிடமிருந்து. "இஞ்சரும், ஒருக்கா எனக்கும் தாரும் பாப்பம்" என்று ஒரு பின்னேரம் கட்டிக்கொண்டு போனார். முகம் சிவந்து, மூச்சு வாங்க, சேர்ட் பிழிகிற மாதிரி வந்தார். பட்டி 104க்கு மேல் போகவே இல்லை. "பார்த்தீரா, எனக்கு இதயம் இரும்பு" என்று பெருமை வேறு. இரும்பு இல்லை, பைசோபுரோலோல். அவர் காலையில் போடுகிற குளிசை துடிப்பைக் கட்டிப்போடுகிற வகை. அந்த வகைக் குளிசை எடுப்பவர்களுக்கு இந்தப் பட்டி பொய்யான தைரியம் தரும். கிளினிக்கில் டொக்டர் அவருக்குச் சொன்னது: எண்ணைப் பார்க்கவேண்டாம், பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டு போகமுடிகிறதா என்று பாருங்கள், வெயில் ஏறமுன்னர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். சிறுநீராகத் தண்ணீர் போகவைக்கிற குளிசை எடுப்பவர்களும் வெயிலில் ஓடத் தொடங்கமுன்னர் தங்கள் டொக்டரிடம் கேட்பது நல்லது.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு அக்கா வந்தாள். ரொறன்ரோவில் கிழமைக்கு நாலு நாள் ஏசி ஜிம்மில் ஓடுகிறவள், என்னைவிட ஐந்து வயது மூத்தவள், என்னைவிட ஒல்லி. வந்த இரண்டாம் நாள் பட்டியைக் கட்டிவிட்டு, காலை பத்து மணிக்கு வெளி வீதியில் இரண்டு சுற்று நடக்கவைத்தேன். வெறும் நடைதான். 138. மணல் காலைச் சுட்டது வேறு. "என்னடி இது, நான் இதுக்கு மூன்று மடங்கு ஓடுறனான்" என்று தண்ணீர்ப்பந்தலில் மோர் குடித்துக்கொண்டு கோபப்பட்டாள். அவளுடைய இதயத்தில் பிழையில்லை, வெயிலுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். நாள்தோறும் வெக்கைக்குள் கொஞ்சம் கொஞ்சம் உடம்பை வருத்தினால் ஒன்று இரண்டு கிழமைக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முந்தி வரும், வியர்வையில் உப்புக் குறையும். கிணற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர் அன்று காலை அதே இரண்டு சுற்றுக்குச் சனத்துக்குள் இடிபட்டும் 119தான் காட்டியது. திரும்பிப் போய் ஒரு மாதம் ஏசிக்குள் இருந்தால் இதெல்லாம் கரைந்துபோகும் என்றதும் முகம் வாடிவிட்டது.

பாவனை பற்றிச் சில சில்லறை விசயங்கள். சுடிதாருக்குள் கட்டுகிற பெண்களுக்கு: உள்ளாடைப் பட்டிக்குக் கீழே வரும்படி இறக்கிக் கட்டுங்கள், ஒன்றின்மேல் ஒன்று வந்தால் வேர்க்குரு நிச்சயம், எனக்கு இரண்டு கிழமை வந்தது. வீட்டுக்கு வந்ததும் வில்லையைக் கழற்றிவிடவேண்டும். பட்டி ஈரமாக இருக்கும்வரை அது உங்கள் நெஞ்சில்தான் இருக்கிறோம் என்று நினைத்துப் பற்றறியைத் தின்னும். பற்றறி 2032 இலக்க வட்டப் பற்றறி, பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட மணிக்கூடு திருத்துகிறவர்களிடம் கிடைக்கிறது, எட்டு மாதத்தில் இரண்டு மாற்றினேன். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் அலசவேண்டும், இல்லாவிட்டால் வியர்வை உப்புப் பூத்து எண் தாறுமாறாகக் குதிக்கும். ஏசி அறைக்குள் காய்ந்த நெஞ்சில் கட்டினால் ஒன்றுமே காட்டாது, பயப்படவேண்டாம்.

இலாஸ்டிக்தான் இந்த ஊருக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. ஏழாம் மாதம் தொளதொளத்து, பாலத்தில் ஒருதரம் இடுப்புக்கே இறங்கிவிட்டது. புதுப் பட்டி மட்டும் தனியாக இங்கே கிடைக்கவில்லை. திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு தையல்காரரிடம் கொண்டுபோனேன். மின் பிடிக்கிற கறுப்பு றப்பர்ப் பகுதியில் ஊசி படக்கூடாது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். பின்பக்கத்தை வெட்டி, பாவாடைக்குப் போடுகிற நல்ல இலாஸ்டிக்கை வைத்துத் தைத்து, கொழுக்கியும் மாற்றித் தந்தார். இருநூறு ரூபா. தரும்போது பட்டியை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இது நாரி நோவுக்கோ அக்கா? எங்கட அம்மாவுக்கும் ஒண்டு வேணும்" என்றார்.